ஒருதரம்

மணி பத்து இருபத்தொன்று. ஆனது ஆகிவிட்டது. நல்லபடியா கெட்டபடியா என்பதுதான் தெரியாது, ஆகிவிட்டது என்பது மட்டும் நிச்சயம் என்று நினைத்துக்கொண்டே செண்பகவல்லி பேனா மூடியைக் கழற்றி மறுபடியும் மாட்டினாள். தேன்கனிக்கோட்டைக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் அந்தக் கட்டுப்பாட்டுக் கூடத்தில் இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு திரை, எல்லாத் திரையும் வாயை மூடிக்கொண்டிருந்தது. ஆறு வருஷம் ஓடி வியாழன் கிரகத்துக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்திருக்கும் அவர்களுடைய விண்கலம், இன்று காலை ஒன்பது நாற்பதுக்கு எஞ்சினைப் போட்டு, முப்பத்தைந்து நிமிஷம் எரித்து, வேகத்தைக் குறைத்துக்கொண்டு வியாழனின் பிடிக்குள் விழுந்திருக்க வேண்டும். எரிக்கும் நேரத்தில் அதன் முகம் பூமிப் பக்கம் இருக்காது. முடித்துவிட்டுத் திரும்பி, பத்து இருபத்தொன்றுக்கு, அதாவது இதோ இப்போது, வந்துட்டேன் என்று சொல்லியிருக்கும். சொன்னது இங்கே வந்து சேர நாற்பத்துமூன்று நிமிஷம் ஆகும். பதினொன்று நாலு. அதுவரை இங்கே ஒருத்தருக்கும் ஒரு வேலையும் கிடையாது. நடுவில் எஞ்சின் நின்றுபோயிருந்தால் வியாழன் அதைப் பிடித்திருக்காது, கலம் பக்கத்தில் உரசிக்கொண்டு கடந்து போய்க்கொண்டே இருக்கும், திருப்பி அழைத்து வர எரிபொருளும் இருக்காது. நடுவில் நிற்குமா என்றால், நிற்கலாம். எப்போது நிற்க வேண்டும் என்ற விதியை எழுதியவள் வல்லி. அந்த விதியில் ஒரே ஒரு எண்ணை எட்டு மாசத்துக்கு முன்னால் மாற்றியவளும் அவள்தான். ஏன் மாற்றினாள் என்பது அவளைத் தவிர அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது.

கலத்துக்கு நீளமாக ஒரு அரசாங்கப் பெயர் உண்டு, அது பத்திரிகைக்காரர்களுக்கு. இவர்களுக்கு அது மாப்பிள்ளை. குணம் அப்படி. அத்தனை தூரத்தில் இருக்கிற ஒன்றிடம் என்னப்பா உடம்புக்கு என்று கேட்டுப் பதில் வாங்க ஒன்றரை மணி நேரம் ஆகும், அதற்குள் என்னவும் ஆகிவிடலாம், அதனால் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொள்ள அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முந்நூற்று நாற்பது காவல். சூடு கூடினால் ஒன்று, மின்சாரம் குறைந்தால் ஒன்று, தலை சுற்றினால் ஒன்று. ஏதாவது ஒரு காவல் ஆபத்து என்று சொல்லிவிட்டால் போதும், கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, அணைக்க முடிந்ததையெல்லாம் அணைத்துவிட்டு, சூரியனைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிடும். இங்கேயிருந்து யாராவது தாஜா பண்ணுகிற வரைக்கும் சன்னமாக ஒரு விசில், அவ்வளவுதான். மாப்பிள்ளை முறுக்கிக்கிட்டார் என்பார்கள். ஆறு வருஷத்தில் நாலு தடவை முறுக்கிக்கொண்டிருக்கிறது, ஒரு தடவை சமாதானப்படுத்த ஒன்பது நாள் ஆனது. கோபப்படவும் முடியாது, உயிரோடு இருக்கத்தான் அந்த முறுக்கே. முதலில் உசிரு, மத்ததை அப்புறம் பேசிக்கலாம் என்று அதற்குச் சொல்லிவைத்தவளே வல்லிதானே. ஆனால் எதற்கெடுத்தாலும் முறுக்கிக்கொண்டால் குடித்தனம் நடத்த முடியாதே. சென்சார் என்பது பொய் சொல்லும். எங்கிருந்தோ ஒரு துகள் வந்து இடித்தால் போதும், ஒன்றுமில்லாததற்கு ஒருமுறை கத்தும், அடுத்த நொடி சும்மா இருக்கும். அதனால் ஒருமுறை கத்தினால் கண்டுகொள்ளாதே, மறுமுறையும் பொறு, மூன்றாம் முறையும் விடாமல் கத்தினால் நம்பு என்று ஒரு கணக்கு. பக்கத்து நாற்காலி அந்தோணிராஜ் தூத்துக்குடிக்காரர், மீன் ஏலக்கூடத்துக்கு எதிர்வீட்டில் பிறந்து வளர்ந்தவர். ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் என்று அவர் வாயில் வந்தது அப்படியே ஒட்டிக்கொண்டது. இந்தக் காவலுக்கு ஏலம் எத்தனை என்று கேட்பார்கள், மூணு என்பார்கள். பரிசீலனைக் கூட்டத்தின் குறிப்பிலேயே ஒருமுறை ஏலம் என்று அச்சாகி வந்து கிரிஜா மேடம் சிரித்திருக்கிறார்.

கிரிஜா மேடம் இப்போது சிரிக்கவில்லை. திட்டத்துக்கே தலைவி, முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டே இருக்கிறார், உட்கார்ந்தால் ஏதோ கெட்டுவிடும் என்பதுபோல. வல்லி அவருடைய முதுகைப் பார்த்தாள். இந்த முதுகு என்னை நம்பிய முதுகு என்று நினைத்தாள். மார்ச் மாசக் கூட்டம். இந்த முப்பத்தைந்து நிமிஷத்துக்கு மாப்பிள்ளை முறுக்கிக்கொள்ளவே கூடாது, அதனால் முந்நூற்று முப்பத்தொன்பது காவலின் காதையும் பொத்திவிடுவது என்று ஏற்கெனவே முடிவு. ஒன்றே ஒன்றை மட்டும் திறந்து வைக்க வேண்டியிருந்தது, எரிபொருள் டேங்கின் அழுத்தம். அது நிஜமாகவே ஏறினால் டேங்க் வெடிக்கும், அப்புறம் முறுக்கிக்கொள்ள மாப்பிள்ளையே இருக்க மாட்டார். அதற்கும் ஏலம் மூன்றுதான், ஆறு வருஷமாக. வல்லி எழுந்து ஒன்றாக்க வேண்டும் என்றாள். வரைபடம் வைத்திருந்தாள். வால்வு சிக்கிக்கொண்டால் அழுத்தம் எவ்வளவு வேகத்தில் ஏறும், மூன்றாவது தரம் வரை காத்திருந்தால் எவ்வளவு தாமதம், எல்லாம் கோடு போட்டு, சிவப்பில். பொய் வரைபடம் இல்லை, அதில் ஒரு புள்ளிகூடப் பொய் இல்லை. அந்த சென்சார் இதற்குமுன் பதினோரு தடவை சும்மா கத்தியிருக்கிறதே மேடம், எஞ்சின் அதிர்வில் இன்னொருமுறை கத்தினால் என்ன செய்வது என்று அந்தோணிராஜ் கேட்டார். எல்லாரும் வல்லியைப் பார்த்தார்கள். அவள், கத்தும்போது கேட்காமல் விட்டால் அப்புறம் கேட்க ஆள் இருக்காது என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அந்தோணிராஜ் மெதுவாகத்தான் சொன்னார்:

"ஒருதரத்துக்கே தட்டிவிட்டா அதுக்குப் பேரு ஏலமில்ல மேடம், களவு."

யாரும் சிரிக்கவில்லை. கிரிஜா மேடம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு வருஷமாக வல்லியைத் தெரியும், காரணமில்லாமல் பேசுகிறவள் இல்லை என்றார், ஒன்றாக்கிவிடுங்கள் என்றார். காரணமில்லாமல் பேசுகிறவள் இல்லைதான். காரணம் வரைபடத்தில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். காரணம் ஓசூரில் ஒரு வாடகை வீட்டில் ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் பூனைக்குட்டி வரைந்துகொண்டிருந்தது, வயிற்றில் ஒரு விரல் நீளத் தழும்போடு.

பேனா மூடி. கழற்று, மாட்டு. பத்து இருபத்தொன்பது. பிப்ரவரி மாசம் ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூட பஸ் வருகிற நேரத்தில் மகள் இளவேனில், வீட்டில் எல்லாருக்கும் வேனில், வயிறு வலிக்குதும்மா என்றாள். அன்றைக்கு அவளுக்குக் கணக்குப் பரீட்சை. வல்லி சிரித்துக்கொண்டே தலையைத் தட்டிவிட்டு ஏற்றிவிட்டாள். மனசுக்குள் ஒருதரம் என்று சொல்லிக்கொண்டாள், நிஜமாகவே சொல்லிக்கொண்டாள், வேடிக்கையாக. செவ்வாய்க்கிழமை மறுபடி. அன்றைக்குப் பரீட்சை ஒன்றும் இல்லை, ஆனால் முந்தின நாள் பரீட்சையின் மார்க் வருகிற நாள். ரெண்டுதரம். புதன்கிழமை முகம் வெளுத்திருந்தது, இல்லை, வெளுத்திருந்தது என்பது இப்போது தோன்றுகிறது, அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை, அன்றைக்கு வல்லி வேனிலின் முகத்தைப் பார்த்தாளா என்பதே சந்தேகம். அன்றைக்கு இங்கே வால்வுச் சோதனை. கூடத்துக்குள் போன் கொண்டுவரக் கூடாது, வாசலில் மரப்பெட்டி, ஆளுக்கொரு அறை, பூட்டிவிட்டு வர வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள், போன் பெட்டிக்குள் கிடந்து அதிர்ந்திருக்கிறது, இரண்டு மணி நேரம். கணவர் ஆவுடையப்பன் தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்தில் இருந்திருக்கிறார், அவருக்கும் கேட்கவில்லை. குடல்வால் வெடித்துச் சீழ் பரவிவிட்டது என்றார் டாக்டர். பத்தொன்பது நாள். பத்தொன்பது நாளும் அந்தக் குழந்தை ஒரு வார்த்தை, நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை, சொன்னதில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம். மூணு தடவை சொன்னேன்லம்மா என்று ஒருமுறை கேட்டிருந்தால் வல்லி அழுது தீர்த்திருப்பாள். கேட்கவில்லை. திங்கள், செவ்வாய், புதன். விரலை மடக்கி மடக்கி வல்லிதான் எண்ணிக்கொண்டிருந்தாள், ஆஸ்பத்திரி நடையில், பஸ்ஸில், பல் தேய்க்கும்போது. மூன்று. எத்தனை தடவை எண்ணினாலும் மூன்றுதான் வருகிறது, ஆனால் எண்ணி முடிக்கும்போதெல்லாம் திங்கட்கிழமைக்கு முன்னால் எதுவோ இடறுகிறது, படியில் கால் வைத்த பிறகு இன்னொரு படி இருந்ததோ என்று கால் தேடுகிற மாதிரி. என்ன அது என்று பார்த்தால் ஒன்றும் இல்லை.

அந்தோணிராஜ் ஒரு கடலைமிட்டாயை உடைத்துப் பாதியை அவள் பக்கம் தள்ளினார். கோவில்பட்டி சரக்கு, உங்க ஊரு என்றார். வல்லி வேண்டாம் என்று தலையசைத்தாள். மேசையில் பாதி மிட்டாய் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குத் தட்டில் பாதித் தோசை ஞாபகம் வந்தது. இன்று காலையில். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை, வேனில் மேசையில் உட்கார்ந்து தோசையில் பாதியைத் தின்றுவிட்டு மீதியை ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுந்துபோனாள். ஒன்றும் சொல்லவில்லை. வயிறு வலிக்கிறது என்றோ பிடிக்கவில்லை என்றோ ஒன்றுமே சொல்லவில்லை, அம்மா, இன்னைக்குத்தானே மாப்பிள்ளை வர்றார், ஆல் தி பெஸ்ட் என்று சொன்னாள், சிரித்தாள்கூட. மீதித் தோசையை ஆவுடையப்பன் தன் தட்டில் போட்டுக்கொண்டார். அதோடு முடிந்த விஷயம். முப்பத்தெட்டுக் கிலோமீட்டர் காரில் வந்து, போனைப் பெட்டியில் பூட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, மனுஷகுலம் பார்க்காத ஒரு இடத்தில் எஞ்சின் எரிந்ததா என்று காத்திருக்கும்போது பாதித் தோசையைப் பற்றி நினைப்பாளா ஒருத்தி. வல்லி நினைத்தாள். அந்தத் தோசை ஏன் பழைய தோசையாகத் தெரிகிறது, ஏன் இதை ஏற்கெனவே பார்த்த மாதிரி இருக்கிறது என்று யோசித்தாள், பிடி கிடைக்கவில்லை. சே, புத்தி கெட்டுப்போச்சு எனக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

புத்தி கெட்டுத்தான் போயிருந்தது, அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு ஒரு தும்மலுக்கு வல்லி எழுந்து நிற்பாள். ஒரு இருமல் வந்தால் காய்ச்சல்மானி. கால் வலிக்குது என்றால் ரத்தப் பரிசோதனை. ஜூன் மாசத்தில் மட்டும் ஆறு தடவை டாக்டரிடம் போனார்கள். ஆறாவது தடவை அவர் வேனிலைப் பரிசோதிக்கவே இல்லை, வல்லியைப் பார்த்து நீங்க நல்லாத் தூங்கறீங்களா என்று கேட்டார். வேனில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது ஆட்டோவில், எனக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னேன்லம்மா என்றாள், ரொம்ப மெதுவாக. அதற்கப்புறம் இந்த நாலைந்து மாசமாக வீடு நிம்மதியாக இருக்கிறது. குழந்தைக்கு ஒரு தலைவலிகூட வருவதில்லை. உடம்பு நன்றாகத் தேறிவிட்டது என்று வல்லி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒருநாள் தூங்கி எழுந்ததும் மனசு தெளிந்த மாதிரி இருந்தது, ஐயோ என்ன காரியம் பண்ணிவைத்திருக்கிறோம் என்று தெரிந்தது. பதினோரு பொய்க் கத்தல். அதுவும் எஞ்சின் சும்மா இருந்தபோது. எஞ்சின் எரிந்தால் எத்தனை வரும் என்று யாருக்குத் தெரியும், ஒன்று வந்தால் போதுமே, ஒன்று. கட்டளைகளை மாற்ற அதுதான் கடைசி வாரம். கிரிஜா மேடத்துக்கு மெயில் எழுதினாள். அழுத்தக் காவலின் எண்ணைப் பழையபடி மூன்றாக்கிவிடலாம் என்று எழுதினாள். ஏன் என்று எழுத வேண்டுமே. ஏன் என்று எழுத உட்கார்ந்தால் வரைபடத்தைத் தாண்டி உண்மைக்குப் போக வேண்டியிருந்தது. என் குழந்தை கத்தியதை நான் கேட்கவில்லை, அந்தப் பயத்தில் நாட்டோட கலத்துக்கு ஒரு எண்ணைப் போட்டுவிட்டேன் என்று எப்படி எழுதுவது. நாலு நாள் வரைவிலேயே கிடந்தது. வெள்ளிக்கிழமை சாயந்தரம் கட்டளைப் பட்டியலைப் பூட்டிவிட்டார்கள்.

பத்து நாற்பத்தேழு. யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. தொண்டையில் இறங்குகிற சத்தம்வரை கேட்டது. இந்நேரம் அந்தச் சேதி எங்கே வந்துகொண்டிருக்கும் என்று வல்லி நினைத்தாள். பாதி வழிக்கு மேல் வந்திருக்கும். அது சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டது, எனக்குத்தான் இன்னும் கேட்கவில்லை, கேட்காததனால் சொல்லவில்லை என்று ஆகிவிடுமா. ஒருவேளை சொல்லவே இல்லையோ என்னவோ. முறுக்கிக்கொண்டிருந்தால் முதலில் எல்லாவற்றையும் அணைத்து, சூரியனைத் தேடி, நிதானமாகத்தான் விசில் வரும், பதினொன்றரை ஆகும். பதினொன்று நாலுக்குத் திரை அப்படியே இருக்கும். எல்லாரும் முதலில் திரையைப் பார்ப்பார்கள், அப்புறம் ஒருத்தரையொருத்தர் பார்ப்பார்கள், அப்புறம் மெதுவாக ஒவ்வொரு தலையாக இந்தப் பக்கம் திரும்பும். அந்தோணிராஜ் மட்டும் திரும்ப மாட்டார், அவர் அப்படிப்பட்ட மனுஷன், மேசையையே பார்த்துக்கொண்டிருப்பார், அதுதான் தாங்க முடியாது. ஆறு வருஷப் பயணம், அதற்குமுன் பத்து வருஷ வேலை. பின்வரிசையில் இருக்கிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கலத்துக்காக வேறு வேலைக்குப் போகாமல் இருந்தவர்கள். பதினொன்றரைக்கு விசில் வரும், நான் உயிரோடதான் இருக்கேன், நீ சொன்னபடியே உசிரைக் காப்பாத்திக்கிட்டேன், இப்ப என்ன பண்ணட்டும் என்று கேட்கும். என்ன பண்ணச் சொல்வது. போய்க்கொண்டே இரு என்று சொல்வதா. போக வேண்டிய இடம் தாண்டிப் போன பிறகு உசிரை வைத்துக்கொண்டு என்ன பண்ணும் அது. கை தானாக விரலை மடக்கியது, திங்கள், செவ்வாய், புதன்.

பதினொன்று மூன்று. கிரிஜா மேடம் கையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். பதினொன்று நாலு. திரை அப்படியே இருந்தது. ஒன்று, இரண்டு என்று நொடி போனது, பத்து, பதினைந்து. வல்லிக்குக் காதில் ஒரு இரைச்சல் ஆரம்பித்தது. அந்தோணிராஜ் பாதிக் கடலைமிட்டாயைக் கையில் எடுத்து, தின்னாமல், அப்படியே வைத்திருந்தார். இருபது. இருபத்திரண்டு. திரையில் முதலில் ஒரு கோடு அசைந்தது, அப்புறம் எண்கள், அப்புறம் எண்களுக்கு மேல் எண்கள், விசில் இல்லை, பேச்சு, முழுப் பேச்சு, வாய் மூடாமல் கொட்டியது. எஞ்சின் எரிந்த நேரம் முப்பத்தைந்து நிமிஷம் இரண்டு நொடி. வியாழனைச் சுற்றிப் பாதை அமைந்துவிட்டது. கூடமே எழுந்து நின்றது. யாரோ அழுதார்கள், யாரோ மேசையைத் தட்டினார்கள், கிரிஜா மேடம் கடைசியில் உட்கார்ந்தேவிட்டார். அந்தோணிராஜ் வல்லியின் தோளைப் பிடித்துக் குலுக்கி, மாப்பிள்ளை வந்துட்டார் மேடம், வந்துட்டார் என்றார். வல்லியும் எழுந்து நின்றாள். அழுத்தம் ஒருமுறைகூடக் கத்தவில்லை, தப்பித்தேன், முருகா, தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டே அழுத்தக் காவலின் குறிப்பேட்டைத் திரையில் திறந்தாள். ஒரே ஒரு வரி இருந்தது. ஒன்பது நாற்பத்தொன்பது. டேங்க் அழுத்தம் எல்லை மீறல். எண்ணிக்கை பூஜ்யம்.

அவள் மறுபடி வாசித்தாள். ஒன்பது நாற்பத்தொன்பதுக்கு வல்லி முகம் கழுவப் போயிருந்தாள், குழாயைத் திறந்துவிட்டுக் கண்ணாடியைப் பார்க்காமல் நின்றிருந்தாள். அந்த நேரத்தில் அங்கே கத்தியிருக்கிறது. ஒருதரம். ஏலம் ஒன்று என்று இவள் போட்டுவைத்த இடத்தில் ஒருதரம் கத்தியிருக்கிறது, கால் நொடியில் எஞ்சின் நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. எண்ணிக்கை பூஜ்யம். இந்தப் பூஜ்யத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும், முந்தைய பதினோரு தடவையும் இதே பூஜ்யம்தான் வந்தது, கத்தி ஓய்ந்ததும் எண்ணிக்கையை அழித்துவிட்டது போல என்று எடுத்துக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறாள். அழிக்கவில்லை. அதுதான் எண்ணிக்கையே. அவளுடைய தொழிலில் எல்லாரும் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணுவார்கள், வரிசையில் முதலில் நிற்கிறவனுக்கு எண் பூஜ்யம், அடுத்தவனுக்கு ஒன்று. கை பழகிய பழக்கத்தில் அவள் இந்த எண்ணிக்கையையும் அப்படியே எழுதியிருக்கிறாள். முதல் கத்தலுக்கு மாப்பிள்ளை வைத்திருந்த பெயர் பூஜ்யம். இரண்டாவது கத்தல்தான் அதற்கு ஒருதரம். மூணுதரம் என்று இத்தனை வருஷமாக இவர்கள் சொன்னதெல்லாம் நாலு. சோதனையில் தெரியவில்லை, சோதனையில் விடாமல் கத்த விட்டார்கள், நின்றது, கால் நொடி தள்ளி நின்றதை யார் பார்த்தார்கள். அவளுடைய பயம் போட்ட எண்ணிலிருந்து மாப்பிள்ளையை அவளுடைய தப்பு காப்பாற்றியிருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முதல் கத்தல் கணக்கிலேயே வரவில்லை என்று நினைத்தாள், முதல் கத்தல் கணக்கிலேயே வரவில்லை, அப்போதுதான் இத்தனை மாசம் இடறிக்கொண்டிருந்த படி காலில் தட்டியது. ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. வேனில் தட்டில் பாதித் தோசையை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு, போதும்மா, என்னமோ மாதிரி இருக்கு என்றாள். வல்லி அதைக் கேட்டாள். காதில் விழுந்தது. அது வலி என்று அவள் எண்ணவில்லை, தோசை வேண்டாம் என்று சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு தட்டைக் கழுவப் போட்டாள். மூணு தடவை இல்லை. குழந்தை நாலு தடவை சொல்லியிருக்கிறாள்.

இனிப்பு வந்துகொண்டிருந்தது. கிரிஜா மேடம் ஒவ்வொரு மேசையாக வந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வல்லியிடம் வந்ததும், நீ சொன்னபடி காதைத் திறந்து வைத்தோம், ஒரு சத்தமும் இல்லாமல் வந்து சேர்ந்துவிட்டார் பார் என்றார். திரையை மூடிவிடலாம். ஒரு விசையைத் தட்டினால் அந்த வரி போய்விடும், ஆறு வருஷமாக அவளைத் தவிர யாரும் அந்தக் குறிப்பேட்டைத் திறந்ததில்லை. வல்லி நகர்ந்து திரையைக் காட்டினாள்.

"ஒருதரம் கத்தியிருக்கு மேடம். நின்னிருக்கணும். நான் எண்ணினது தப்பு, அதனாலதான் நிக்கல. ஒண்ணுன்னு மாத்தினதும் தப்புதான், அது வரைபடத்துக்காக மாத்தினது இல்ல. என் பொண்ணு ஆஸ்பத்திரில கிடந்த பயத்துல மாத்தினது."

கிரிஜா மேடம் அந்த வரியை ரொம்ப நேரம் பார்த்தார். அந்தோணிராஜ்தான் எட்டிப் பார்த்து, விரலை மடக்கி, அப்ப நம்ம மூணு இத்தனை வருஷமும் நாலா என்று கேட்டார். ஆமாம் என்றாள். திங்கட்கிழமை காலையில் எல்லாக் காவலையும் உட்கார்ந்து திருத்துவோம் என்றார் கிரிஜா மேடம், அறிக்கையை நீயே எழுது, இப்ப சொன்னதையும் சேர்த்து எழுது என்றார். குரலில் கோபமா என்னவென்று வல்லிக்குப் பிடிபடவில்லை. இனிப்பை அவர் வல்லியின் கையில் வைத்துவிட்டுத்தான் போனார்.

வாசல் மரப்பெட்டியைத் திறக்கும்போது சாவி இரண்டு தடவை வழுக்கியது. போனில் தவறிய அழைப்பு ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போட்டாள், வேனில்தான் எடுத்தாள். மாப்பிள்ளை வந்துட்டாராம்மா என்றாள். வந்துட்டார் என்றாள் வல்லி. அங்கே ஒரு கைதட்டல் கேட்டது. வெளியே வெயில் சுள்ளென்று இருந்தது, மலைக்காற்று மட்டும் குளிர்ந்தது. வல்லி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"வேனிலு, காலையில தோசையைப் பாதியிலயே வெச்சுட்டியே. ஏன்டா?"

"ஒண்ணுமில்லம்மா."

என்ன, சொல்லு, காய்ச்சலா, வயிறா என்று பத்துக் கேள்வி வல்லிக்கு வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டாள். போனில் வீட்டு மின்விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் காத்திருப்பு நாற்பத்துமூன்று நிமிஷத்தைவிட நீளமாக இருந்தது.

"வாய்ல புண்ணும்மா. நாலு நாளா இருக்கு."

"நாலு நாளா ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ பயந்துடுவே. ஆபீஸ் போகாம என்னைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிடுவே. இன்னைக்கு மாப்பிள்ளை வர்ற நாளு."

நாலைந்து மாசமாக வீட்டில் ஒரு தலைவலிகூட இல்லாமல் இருந்தது ஏன் என்று வல்லிக்கு அப்போது விளங்கியது. உட்கார்ந்துவிட்டாள், வாசல்படியில், செருப்புகளுக்கு நடுவில். உள்ளே யாரோ பாட ஆரம்பித்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கெல்லாம் போக வேண்டாம், வரும்போது மணத்தக்காளிக் கீரை வாங்கிட்டு வர்றேன், தேங்காய்ப்பால் விட்டுக் கூட்டு வைக்கிறேன் என்றாள். நிஜமாவா என்று கேட்டாள் வேனில். நிஜமாத்தான் என்றாள்.

"ஆஸ்பத்திரி இல்லயே?"

"இல்லடா. எங்கெங்க இருக்கு, சொல்லு. நான் கேக்கறேன்."

வேனில் சொன்னாள். நாக்கு நுனியில் ஒன்று, இடது கன்னத்தில் உள்பக்கம் ஒன்று, காரம் பட்டால் காது வரைக்கும் இழுக்குது, அப்புறம் போன வாரம் ஓடும்போது தழும்புக்கிட்ட சுருக்குன்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவைதான், அப்புறம் இல்லை, அப்புறம் முட்டி. நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். வல்லி கையில் இனிப்பு உருகிக்கொண்டிருந்தது. ம் என்றாள், ம் என்றாள், குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.